குடும்பிகலையும் இராஜகலையும்: பிள்ளைகளோடு குகை பார்க்கப் போனது

ஆகஸ்ட் 9, சனி. மட்டக்களப்பு – பொத்துவில்

மூத்தவனுக்கு எட்டு வயது. அவனுக்குத் தெரிந்த குகையெல்லாம் கார்ட்டூனில் வருபவைதான். உள்ளே ஒரே இருட்டு, கூரையிலிருந்து கல் ஈட்டி தொங்கும், மூலையில் ஒரு பெட்டி நிறையப் பொன் இருக்கும். பாடசாலை விடுமுறை விட்ட நாளிலிருந்து "குகைக்கு எப்ப போறம்" என்பதே பேச்சு. தம்பியின் டொல்பின் வான் சும்மா நிற்கிறது, அவனுடைய மகனுக்கும் ஆறு வயதாகிவிட்டது. சரி, அம்பாறைப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வரலாம் என்று முடிவாயிற்று. எங்கள் நால்வரோடு மாமி, தம்பி, மச்சாள், அவர்களுடைய மகன். சின்னவளுக்கு நாலு வயது. மலை ஏறுவது யார், அவளைத் தூக்குவது யார் என்ற பேச்சு கல்லாற்றுப் பாலம் வருவதற்குள்ளேயே தொடங்கிவிட்டது.

கச்சான் காற்று இந்த முறை ஈவிரக்கம் இல்லாமல் வீசுகிறது. கல்முனை தாண்டியதும் வானின் கண்ணாடியைத் திறந்தால் அடுப்பு வாய்க் காற்று, மூடினால் புழுக்கம். காரைதீவில் இறங்கி இளநீர் குடித்தோம், ஒன்று 180 ரூபாய். விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர் இது என்று இவர், என் கணவர், பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினார். பிள்ளைகளின் கவனம் வழுக்கையைச் சுரண்டித் தின்பதில் இருந்தது.

மதியச் சாப்பாடு அக்கரைப்பற்றில். சின்னக் கடைதான், நல்ல கூட்டம். மீன் ஆணம், பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், சம்பல் என்று சோறு 400 ரூபாய். கேட்டுக் கேட்டுப் போட்டார்கள். சின்னவள் உறைப்பில் அழத் தொடங்க, கடைக்காரக் காக்கா உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் தயிரும் சீனியும் கொண்டுவந்து வைத்தார். காசு கொடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நினைவுபடுத்தியபோது, "புள்ளைக்குக் குடுத்ததுக்கு என்ன தங்கச்சி கணக்கு" என்றார்.

பொத்துவிலில் இதற்கு நேர்மாறு. தொலைபேசியில் இரண்டு அறைக்கும் சேர்த்து 9000 என்று பேசிய விடுதியில், நேரில் போனதும் 14000 என்றார்கள். சீசன் என்பது காரணம். அறுகம் குடாவில் கடல் அலைச் சறுக்கலுக்கு வெள்ளைக்காரர் வரும் மாதங்கள் இவை, உண்மைதான். ஆனால் மூன்று நாளைக்கு முன்பு தொலைபேசியில் பேசியபோதும் இதே சீசன்தானே. மாமி வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "நான் இஞ்சையே படுக்கிறன்" என்று சொன்னதும் விலை 11000க்கு இறங்கியது. ஒரு அறையில் மின்விசிறி ஓடியது, மற்றதில் சத்தம் மட்டும் போட்டது.

இரவு பிரதான வீதியில் பப்பாசி யூஸ் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி, பொத்துவில் டவுனில் முட்டை ரொட்டி சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. பாணமை, குடும்பிகலை, உகந்தை

விடியற்காலையிலேயே கிளம்பினோம். பாணமையில் பிளேன்ரீக்கு நிறுத்தினோம். கடைக்கார அம்மா எங்களோடு தமிழில் பேசிக்கொண்டே, அடுப்படியில் நின்ற கணவருக்குச் சிங்களத்தில் பதில் சொன்னார். பிறகு அவரும் வெளியே வந்து தமிழில், "யானை நிக்கும், மெதுவாப் போங்க" என்றார். தமிழரும் சிங்களவரும் கலந்து, கலியாணம் முடித்து, ஒரே கண்ணகி அம்மனைப் பத்தினி என்றும் கும்பிடுகிற ஊர் இது. எங்கள் ஊர்களில் முன்பு நடந்த கொம்பு விளையாட்டை, இரண்டு கட்சியாகப் பிரிந்து கொம்புகளைக் கொளுவி இழுப்பதை, இங்கே சிங்களத்தில் அங்கெலிய என்கிறார்கள். மாமிக்கு இது பெரிய வியப்பு. சின்ன வயதில் வடசேரியா தென்சேரியா என்று ஊரே இரண்டாகிக் கொம்பு முறித்ததை அந்த அம்மாவிடம் சொல்லத் தொடங்கினார், அவரும் தன் பங்குக்குச் சொன்னார். தேநீர் ஆறியது, வெயில் ஏறியது. நான்தான் பிரித்துக் கூட்டி வந்தேன்.

பாணமைக்கு அப்பால் தார் கிடையாது. செம்மண்ணும் கிறவலும் அலை அலையாகக் கிடக்க, வானுக்குள் எல்லாமே குலுங்கியது. ஒரு வளைவில் தம்பி சட்டென்று நிறுத்தி இயந்திரத்தையும் அணைத்தான். இருபது அடி தூரத்தில், பற்றைக்குள் பாதியும் வெளியே பாதியுமாக ஒரு தனியன் யானை நின்றது. காது மட்டும் ஆடியது. மாமி கண்ணை மூடி "பிள்ளையாரே, பிள்ளையாரே" என்று முணுமுணுத்தார். பிள்ளைகள் மூச்சு விடவில்லை. இந்தப் பயணத்தில் அவர்கள் சொல்லாமலே அமைதியாக இருந்தது அப்போதுதான். கொஞ்ச நேரம் எங்களை யோசித்துப் பார்த்துவிட்டு அது காட்டுக்குள் போனது.

குடும்பிகலை ஒரு பௌத்த வனத் துறவு மடம். பெயரைக் கேட்டதும் எங்கள் தொப்பிகலைக் குடும்பிமலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது மட்டக்களப்பு மாவட்டத்தில் வேறு மலை. இங்கே வீடு வீடாய்ப் பெரிய பாறைகள், அவற்றின் இடுக்கால் ஒரு நடைபாதை. வான் நிற்கும் இடத்திலிருந்து நடக்க நடக்க இரண்டு பக்கமும் பாறை நெருங்கி வர, வெயில் பின்வாங்குகிறது. முதல் குகையின் முன் செருப்பும் தொப்பியும் கழற்றி வைத்தோம்.

மூத்தவன் முகம் தொங்கிவிட்டது. "இது குகையாம்மா? உள்ளுக்கு வெளிச்சமா இரிக்கே."

அவன் சொன்னது நியாயம். தொங்கும் கல் ஈட்டியெல்லாம் சுண்ணாம்புக் கல்லில் நீர் கரைத்து உண்டாக்குவது. இந்தப் பக்கத்துப் பாறை அந்த வகை இல்லை. வெயிலிலும் மழையிலும் தோல் தோலாக உரிந்து, அடிப்பக்கம் அரிந்துபோய், மேற்பகுதி கூரை போல நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் அடியில் உள்ள இடம்தான் குகை. ஆழம் அதிகம் இல்லை, சுரங்கமும் இல்லை. முன்பக்கம் சுவர் ஒன்று கட்டி வெள்ளை அடித்துக் கதவும் போட்டுவிட்டால் வீடு. இங்கே அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பழைய காலத்தில் கைவிடப்பட்ட இடத்தில் 1950களில் துறவிகள் மறுபடி வந்து குடியேறி, இன்றும் இருக்கிறார்கள். ஒரு கதவுக்கு வெளியே கொடியில் காவித் துணி காய்ந்தது, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. சின்னவள் அந்த வாளியைப் பார்த்தபின்தான், "இஞ்ச ஆக்கள் இரிக்காங்க" என்று நம்பினாள்.

இவர் தொழில்நுட்ப உத்தியோகத்தர். கட்டடத்தைப் பார்த்தால் கை சும்மா இராது, அண்ணாந்து பார்த்துக் கூரைப் பாறையின் நெற்றியைக் காட்டினார். பாறை நெடுக, ஒரு கோடு போல, விளிம்பு வெட்டியிருந்தது. மழை நீர் பாறையில் வழிந்து வந்தால் அப்படியே வளைந்து உள்ளே ஓடி, படுத்திருப்பவர் மேல் சொட்டும். அந்த வெட்டு இருந்தால் நீர் அதைத் தாண்ட மாட்டாமல் அந்த இடத்திலேயே வெளியே விழுந்துவிடும். எங்கள் வீட்டுச் சன்சேட்டுக்கு அடியில் மேசன் ஒரு கீறு விட்டிருக்கிறாரே, அதே வேலைதான்.

மூத்தவன் உடனே சோதனைக்கு இறங்கினான். நடைபாதை ஓரம் இடுப்பளவு உயரத்தில் சரிந்த பாறை ஒன்று கிடந்தது. தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்தான். நீர் சரிவில் ஓடி, விளிம்பில் வளைந்து, பாறையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே ஒரு சாண் தூரம் உள்ளே போய்த்தான் சொட்டியது. பிறகு அடிப்பக்கத்தில் விரலால் மண்ணைக் குழைத்து ஒரு வரம்பு வைத்தான். இரண்டாம் போத்தல் நீர் வரம்பு வரை வந்து, திணறி, நேராக விழுந்தது. தம்பியின் மகனுக்கும் ஒரு போத்தல் வேண்டுமாம். குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் பாதி இப்படிப் போனது, ஆனால் அதன் பிறகு அவன் ஒரு குகையையும் "இது குகையா" என்று கேட்கவில்லை. கோடு எங்கே என்று தேடத் தொடங்கிவிட்டான்.

உச்சிக்கு ஏறுவது வெறும் பாறையில். கல்லிலேயே படி வெட்டியிருக்கிறார்கள். ஒன்பது மணிக்கே கல் சுட்டது. மேலே உருளை வடிவத்தில் ஒரு சிறிய தூபி நிற்கிறது, நாம் பார்த்துப் பழகிய மணி வடிவமோ குமிழி வடிவமோ இல்லை. அதைச் சுற்றி வர மறுபடி செருப்பைக் கழற்ற வேண்டும். மச்சாள் இரண்டடி வைத்துவிட்டு, கால் மாற்றிக் கால் மாற்றித் துள்ளியபடி சுற்றி முடித்தார். கிழக்கே கடல், தெற்கே குமனைக் காடு, நடுவில் களப்பு ஒன்று தகடாய் மின்னியது. காற்று சின்னவளைத் தள்ளிவிடும் போல இருந்ததால் நான் அவள் சட்டையைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஏறுவதைவிட இறங்குவது பொல்லாதது. பிள்ளைகள் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டே வந்தார்கள். தம்பியின் மகனுடைய காற்சட்டையின் பின்பக்கம் அடிவாரம் வரும்போது இல்லை.

அங்கிருந்து உகந்தை பக்கம்தான். ஆடித் திருவிழாக் காலத்தில் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் நிறைந்து வழியும் கோவில், இப்போது வெறிச்சோடிக் கிடந்தது. முருகன் கல்லோடத்தில் வந்து இறங்கிய இடம் என்று மாமி கதை சொன்னார். கோவிலுக்கு அருகிலுள்ள வள்ளியம்மன் மலையில் பாறைக் குழிகளில் நீர் நிற்கிறது. இந்தக் கச்சானிலும் சுனை வற்றவில்லை. கை நனைத்து முகம் கழுவியபோது வந்த சுகம் வேறு. மர நிழலில் கட்டிக்கொண்டு போன பிட்டும் பொரித்த கீரி மீனும் சாப்பிட்டோம். குரங்கு ஒன்று லஞ்ச் சீற்றோடு ஒரு பொதியைக் கொண்டு போனது. மச்சாளின் பங்கு.

திரும்பும் வழியில் பின் டயர் காற்றுப் போயிற்று. மாற்று டயர் இருந்தது, அதிலும் காற்றுப் போதாது. யானை நின்ற வளைவுக்குக் கிட்ட. மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு இளைஞர்கள் கேட்காமலே நின்றார்கள். பாதித் தமிழ், பாதிச் சிங்களம். ஒருவர் பாணமைக்குப் போய்க் காற்றடிக்கும் பம்பு வாங்கி வந்தார், மற்றவர் எங்களோடு நின்று காட்டைக் கவனித்துக்கொண்டிருந்தார். காசு கொடுத்தபோது வாங்கவில்லை. பிள்ளைகளின் பிஸ்கட் பொதியை நீட்டினோம், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 11, திங்கள். அம்பாறை

சொல்ல அதிகம் இல்லை. எல்லோருக்கும் கால் வலி, சின்னவளுக்கு மேல் காய்ச்சல் போலச் சூடு. பனடோல் சிரப் கொடுத்துப் படுக்க வைத்ததும் இறங்கிவிட்டது. அக்கரைப்பற்று வழியாக மறுபடி வந்து அம்பாறையில் அறை எடுத்தோம். சொன்ன விலைதான் வாங்கினார்கள், சுடுநீரும் வந்தது.

மாலையில் இங்கினியாகலைக் குளக்கட்டு வரை போனோம். கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கிக் கட்டிய சேனநாயக்க சமுத்திரம் அது. யானைகள் நீந்தித் தீவுக்குத் தீவு போகும் என்று சொல்லிக் கூட்டிப் போனதால், யானை வரும்வரை நகரமாட்டோம் என்று பிள்ளைகள் அடம்பிடித்தார்கள். வரவில்லை. பொரித்த திலாப்பியா வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தோம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய். இராஜகலை, மகாஓயா, வீடு

இராஜகலை அம்பாறையிலிருந்து மகாஓயாப் பாதையில் சுமார் 26 கிலோமீற்றர். ஆயிரம் அடிக்கு மேல் உயரம், மலை முழுக்கப் பழைய துறவு மடத்தின் எச்சங்கள். காவலர் வயதானவர், எங்கள் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதலில் கேட்டது வாசனைத் திரவியம் பூசியிருக்கிறோமா என்று. மேலே பாறை மடிப்புகளில் பெரிய மலைத்தேனீயின் கூடுகள் தொங்குகின்றன. மணம், புகை, கூச்சல் மூன்றும் ஆகாது. எல்லோரும் மச்சாளைத் திரும்பிப் பார்த்தோம். ஈரத் துவாயால் கழுத்தையும் கையையும் துடைத்துத் துடைத்து, கடைசியில் என்னுடைய பழைய மேற்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஏறினார்.

காட்டுப் பாதை நிழலானது, குடும்பிகலை போல இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு குகை வந்தது. நெற்றிக் கோட்டைக் கண்டுபிடித்தது மூத்தவன். கோட்டுக்குக் கீழே பிராமி எழுத்துகள். கூட வந்த காவலர் தடியின் நுனியைக் கல்லில் படாமல் நகர்த்தி ஒவ்வொன்றாகக் காட்டினார். எழுத்து ஒவ்வொன்றும் கையகலம். இப்படியான குகைக் கல்வெட்டுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி: இன்னார் மகன் இன்னார் கொடுத்த குகை, வந்திருக்கும், வராதிருக்கும், நான்கு திசைத் துறவிச் சங்கத்தாருக்கும் உரியது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய தோம்பு, காணிப் பதிவேடு, அவ்வளவுதான்.

"வராத ஆக்களுக்கும் குடுத்தவங்களா?" என்று தம்பியின் மகன் கேட்டான்.

"நாம வராத ஆக்கள்தான்டா. இப்ப வந்திட்டம், நான் இரிக்கப் போறன்" என்று மாமி குகைக்கு வெளியே ஒரு கல்லில் அமர்ந்துவிட்டார். அவருக்கு அதற்கு மேல் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சின்னவளும் பாட்டியோடு நின்றுகொண்டாள். நாங்கள் திரும்பும் வரை இருவரும் சருகு பொறுக்கிச் சட்டி பானை செய்து சோறு சமைத்துக் கொண்டிருந்தார்களாம்.

நானும் இவரும் மூத்தவனும் மட்டும் உச்சிக்குப் போனோம். படிகள், இடிந்த மண்டபங்களின் தூண்கள், குளம். தூபி அருகிலுள்ள கல்வெட்டைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. இந்தத் தீவுக்கு வந்த இட்டிய தேரர், மகிந்த தேரர் இருவரின் தூபி இது என்று அது சொல்கிறது. அசோகரின் மகன் என்று மரபு சொல்லும் அந்த மகிந்தரின் பெயர், கதையில் இல்லாமல் கல்லில். வெயிலில் நின்று பார்த்தேன், எழுத்துத் தேய்ந்து கிடக்கிறது, காவலர் காட்டாவிட்டால் தாண்டிப் போயிருப்போம்.

கிழக்கில் தொல்லியல் என்று வாயெடுத்தாலே பேச்சு யாருடைய நிலம் என்ற பக்கம் திரும்பிவிடும். அந்தச் சண்டையைப் பாறைகளில் தேடினால் எனக்கு அகப்படவில்லை. இதே அம்பாறை மாவட்டத்தில் குடுவில் என்ற இடத்துக் குகைக் கல்வெட்டு ஒன்றில் தீகவாபி வணிகரோடு 'தமேட' என்று தமிழரும் வருகிறார். தொல்லியலாளர் செனரத் பரணவிதான 1970இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியில் இருக்கிறது. மழைக்கு ஒதுங்க இடம் கொடுப்பதில் எல்லோருக்கும் பங்கு இருந்திருக்கிறது போலும். இதைச் சொல்லப் போனால் இரண்டு பக்கத்தாரும் என்னோடு கோபிப்பார்கள், ஆகவே மேலே நகர்கிறேன்.

இறங்கி வரும்போது பகல் பன்னிரண்டு. மகாஓயா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். வெளியே கொளுத்தும் வெயிலில் வெந்நீரில் குளிக்க யாராவது போவார்களா என்று மச்சாள் கேட்டார். போனோம். ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. ஒன்றில் விரல் வைக்க முடியாது, அடுத்ததில் அள்ளி ஊற்றலாம். பிள்ளைகள் ஒவ்வொன்றாய் விரல் நனைத்து "ஆ, ஊ" என்று அலறிக்கொண்டு ஓடினார்கள். குகைகளை விட அவர்களுக்கு இது பிடித்தது என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். முழங்காலுக்குச் சூட்டு நீர் ஊற்றிக்கொண்ட மாமி, வீடு வரும்வரை வலியைப் பற்றிப் பேசவே இல்லை.

பிறகு புல்லுமலை, கரடியனாறு, செங்கலடி. கரடியனாற்றுக்குக் கிட்ட வீதியோரத்தில் எருமைத் தயிர் வாங்கினோம், சட்டி 550. கவிழ்த்தாலும் விழாது என்று விற்ற பெண் சட்டியைச் சரித்தே காட்டினார்.

வீட்டுக்கு வந்து குளிக்க வைக்கும்போதுதான் தெரிந்தது, மூன்று பிள்ளைகளின் மேலும் உண்ணி. காதுக்குப் பின்னால், இடுப்புப் பட்டிக்கு அடியில், விரலிடுக்கில். உடலைப் பிடித்து இழுத்தால் தலை உள்ளே நின்றுவிடும், புருவம் பிடுங்கும் சின்னக் கொறடால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மின்விளக்கடியில் வரிசையாக உட்கார வைத்து, மச்சாள் டோர்ச் பிடிக்க, நான் எடுக்க, மாமி தேங்காயெண்ணெய் தடவினார். மூத்தவன் எடுத்த உண்ணிகளை ஒரு போத்தல் மூடியில் போட்டு எண்ணிக்கொண்டிருந்தான். தம்பியின் மகனுக்குத்தான் அதிகம், கிழிந்த காற்சட்டை வழியாக ஏறியிருக்கிறது. அவனுக்கு அதில் பெருமை.